ராவி எடுத்த மெட்டு

நம் பட்டறை வேலைச்சீட்டின் கடைசி வரியைப் பற்றி நேற்று ஒரு தம்பி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பேர், ஊர், வாத்தியம், பழுது, என்றைக்கு வேண்டும் என்பதெல்லாம் சரி. அதற்குக் கீழே 'பாட்டு மெட்டா, பித்தளை மெட்டா?' என்று அச்சடித்திருக்கிறதே, ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் இதை எப்படிக் கேட்பது, கேட்டால் சிரிக்கிறார்கள் என்றார். சிரிக்கட்டும் தம்பி, கேளுங்கள். அந்த வரி என்னால் வந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் ஒருநாள் வந்து உங்கள் வேலையைக் கெடுத்துவிட்டுப் போகிறவன் நான். நான் சரிசெய்த வாத்தியங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பெருமைதான் பேசுவேன், உங்களுக்குத் தூக்கம் வரும். அதனால் நான் கெடுத்த வாத்தியம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். எல்லாரும் விழித்திருப்பீர்கள்.

முதல் யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்தது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயசு. பாளையங்கோட்டையில் இதே தெருவில், இதைவிடச் சின்னக் கடை. முதலாளியும் நானும் மட்டும். பிடில், ஆர்மோனியம், வீணை என்று எது வந்தாலும் பார்ப்போம் என்றாலும் என் கைக்கு அதிகம் வந்தது வீணைதான். வீணைத் தண்டியில் மெழுகு பூசி, அதன்மேல் வரிசையாக உலோகக் கட்டிகளைப் பதித்திருக்கிறோமே, கம்பியை அழுத்தினால் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்வரம் பேசுமே, அதற்கு மெட்டு என்று பேர். மெட்டு வைப்பதில் நெல்லைச் சீமையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. மெட்டை ஏற்று, மெட்டை இறக்கு என்று காலையிலிருந்து சாயந்தரம் வரை அதே பேச்சுத்தான். மெழுகை இளக்கி ஏற்றலாம், பிடிக்காவிட்டால் மறுபடி இளக்கி இறக்கலாம். தப்பு நடந்தால் திருத்திக்கொள்ளலாம் என்ற தைரியத்திலேயே வளர்ந்த கை அது.

பாட்டுக்காரர்களுக்கு மெட்டு என்றால் வேறு என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்த விஷயம்தான் வேண்டிய நேரத்தில் ஞாபகத்துக்கு வருவதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, முதலாளி களக்காட்டுக் கோயில் ஆர்மோனியத்தைப் பார்க்கப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. வருவதற்கு இன்னும் எட்டு நாள் ஆகும். திசையன்விளையிலிருந்து வந்த வண்டிக்காரர் ஒருவர் கடை வாசலில் மாட்டை நிறுத்தி, பாயில் சுருட்டிய ஒன்றை இறக்கினார். இறக்கினார் என்றால் சும்மா இல்லை. அரிசி மூட்டையை அணைத்துக்கொள்வது போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, ஆளைச் சுருட்டிக் கொண்டாந்திருக்கீரா?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்! உபதேசியார் குடுத்தாரு. பைய எறக்கணும்னு பத்து தடவை சொல்லியிருக்காரு" என்று ஒரு காகிதத்தையும் நீட்டிவிட்டுப் போனார்.

பாயைப் பிரித்தேன். பத்தமடையில் நெய்த கல்யாணப் பாய். மாப்பிள்ளை பேரும் பெண்ணின் பேரும் ஓரத்தில் நெய்திருந்தது. கல்யாணப் பாயில் யாரும் சாமானைச் சுருட்ட மாட்டார்கள். உள்ளே இருந்தது எதுவோ அந்த வீட்டில் அவ்வளவு பெரியது என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

உள்ளே கித்தார். நான் அதுவரை பார்த்த கித்தார்கள் இடுப்புச் சிறுத்து, நரம்புக்கம்பி மாட்டி, பெண்பிள்ளைகள் மடியில் வைத்துக்கொள்ளும் அளவு இருக்கும். இது அதைப்போல ஒன்றரை மடங்கு. உருக்குக் கம்பி. இப்போது பம்பாய்க் கடைக்காரர்களின் படப்புத்தகத்தில் 'ஜம்போ' என்று போட்டு வருகிறதே, ஏறக்குறைய அந்த உடம்பு. அன்றைக்கு அந்தச் சொல்லே எங்களுக்குக் கிடையாது.

அதன் கதையைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கேயே சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நிற்கும். ஆளும் சரக்கும் தோணியில்தான் வரவேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கப்பல்காரர் தன் கித்தார் பெட்டியைத் தோணியில் இறக்கிவிட்டு, தான் இறங்கும்போது நூலேணியில் கால் தவறிக் கடலில் விழுந்தார். தோணியை ஓட்டிவந்த தண்டல் சூசை குதித்துத் தூக்கினார். தண்ணீரைக் கக்கி முடித்ததும் அந்த மனுஷன் முதலில் கேட்டது பெட்டி நனைந்ததா என்றுதானாம். ஊருக்குத் திரும்பும்போது அதை சூசைக்கே கொடுத்துவிட்டார். இதற்கு உருக்குக் கம்பியைத் தவிர வேறு மாட்டாதே என்று கையைக் காட்டி, தலையை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

தண்டல் வீட்டில் அதற்கு 'வியோலா' என்று பேர். போர்த்துகீசியப் பரங்கிக்காரர்கள் காலத்தில் அவர்கள் குடும்பத்தில் யாரோ சொன்ன சொல். வாசிக்கத் தெரிந்தவர் எவருமில்லை. கட்டிலில் பாதியை அது பிடித்துக்கொண்டதால் தண்டலின் சம்சாரத்துக்கும் அதற்கும் ஆகவில்லை. அந்தச் சமயத்தில்தான், ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிரசங்கம் செய்கிற உபதேசியார் ஞானாபரணம் தூத்துக்குடிக்கு வந்தார். தண்டல் கத்தோலிக்கர், இவர் பாளையங்கோட்டைப் புராட்டஸ்டண்டு சபை. அந்த வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க ஏறியவர், கட்டிலில் கிடந்ததை எடுத்து ஒரு கீர்த்தனை பாட, தண்டல் அப்படியே கொடுத்தனுப்பிவிட்டார். 'வேற கோயில்னா என்ன, அது வாயைத் தொறந்தது உம்ம கையிலல்லா' என்றாராம். திசையன்விளைப் பக்கம் போனதும் வேதாகமத்தில் வருகிற சொல்லை எடுத்து அதற்குக் 'கின்னரம்' என்று பேரிட்டார்கள். இப்படி மூன்று பேர் அதற்கு. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஒரே சத்தம்தான்.

அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். மேற்பலகைக்கு அடியில் இரண்டு தடித்த சட்டங்கள் பெருக்கல் குறி போலக் குறுக்கே ஓடின. உருக்குக் கம்பி இழுக்கிற இழுப்புக்கென்றே செய்தது. சாதாரணக் கித்தாருக்கு இந்தக் கம்பியை மாட்டிப் பலகையைப் பெயர்த்துக்கொண்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருந்ததால், ஆஹா, கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி. கம்பி விஷயத்தில் காட்டிய அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் மற்றதில் கோட்டை விட வைத்தது.

காகிதத்தில் இப்படி எழுதியிருந்தது: 'கம்பிகள் துருவேறிவிட்டன. புதிது மாட்டவும். சுகவீனத்துக்குப் பிறகு மெட்டு எனக்கு உச்சமாய் நிற்கிறபடியால் அதைத் தாராளமாக இறக்கித் தரவும். வருகிற வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு முக்கியமான காரியம் இருக்கிறது. புதன்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். ஞானாபரணம்.'

பாவம், காய்ச்சல் வந்து விரலில் பலமில்லை, மெட்டு உயரமாக இருந்தால் அழுத்தக் கஷ்டமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வேறு மெட்டு உலகத்திலேயே இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கித்தாரின் மெட்டுகளைப் பார்த்தபோதே அவை உயரமில்லை என்று என் கண் சொன்னது. வீணை மெட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் இவை ஒரு அரிசி மணி உயரம். இதை எங்கே இறக்குவது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த ஒரு நிமிஷம்தான் எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம். ஒரு கார்டு எழுதிப் போட்டிருந்தால் செவ்வாய்க்கிழமை பதில் வந்திருக்கும். முதலாளி இல்லாத நேரத்தில், வந்த வேலையைச் சந்தேகம் கேட்காமல் முடித்தான் என்று பேர் வாங்க எனக்கு ஆசை. அரத்தை எடுத்தேன்.

வீணையைப் போல மெழுகில்லை, இளக்கி இறக்க முடியாது. மரத்தில் அடித்து இறக்கிய பித்தளை. ராவத்தான் வேண்டும். முதலில் பைய ஒரு சுற்று ராவினேன். மூன்றாவது மெட்டு கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. அதை ராவினேன். இப்போது நாலாவது தூக்கல். ஆடுகிற மேசைக்கு ஒரு கால் மாற்றி ஒரு காலை அறுத்துக்கொண்டே போனவன் கதைதான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கையால் தடவிப் பார்த்தால் மெட்டும் மரமும் ஒரே மட்டமாக வழுவழுவென்று இருந்தன. 'தாராளமாக' என்று எழுதியிருந்தாரே, அதில் குறை வைக்கவில்லை.

புதுக்கம்பி மாட்டி, விரலை அழுத்தி மீட்டினேன். கட்டையைத் தட்டியது போல ஒரு சத்தம். அடுத்த இடத்தில் கறகற என்றது. கம்பி மெட்டைத் தொடுவதற்கு முன்னால் மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த மாதிரிப் பித்தளை மெட்டு திருநெல்வேலியில் எங்கேயும் கிடையாது. சென்னைக்கு எழுதி வரவழைக்க மாசக்கணக்கில் ஆகும்.

புதன்கிழமை பத்து மணிக்கு உபதேசியார் வந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். நெடுநெடுவென்று உயரம், கறுப்புக் குடை, தேரிக்காட்டுச் செம்மணலில் நடந்து நடந்து செம்மை ஏறிய பாதங்கள். ஒரு காலத்தில் அவர் பனைக்காட்டில் நின்று பாடினால் பனையேறிகள் மரத்து மேலிருந்தே கேட்பார்களாம். இப்போது "தோத்திரம் தம்பி" என்றவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

கித்தாரை மடியில் எடுத்து விரலை வைத்தார். கட். வேறு இடத்தில் வைத்தார். கறகற. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நான் சொன்னேன். இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "கப்பல்ல வந்த மரம்லா ஐயா. நம்ம ஊரு வெக்கைக்குத் தாங்கல. முறுக்கிக்கிட்டு, மெட்டெல்லாம் உள்ள எறங்கிட்டு" என்றேன்.

அவர் அதை அப்படியே நம்பினார். நம்பியதோடு நிற்கவில்லை, எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"அதுக்கு நீரு என்ன செய்வீரு, வே. எனக்கே இந்த வெக்கை தாங்காம காய்ச்சல்ல விழுந்து சாரீரம் போச்சு. அது அமெரிக்காக்காரன் மரம். நீரு மனசை விட்டுராதீரும்." பையிலிருந்து ஓலைக்கொட்டான் ஒன்றை எடுத்தார். "வீட்டுல குடுத்துவிட்டா. கருப்பட்டி. கம்பி மாட்டுத தம்பிக்குன்னு சொல்லிக் குடுத்தா."

அதை மேசைமேல் வைக்க இடமில்லாமல், அங்கே கிடந்த பித்தளைத் தூளை அவரே வாயால் ஊதித் துடைத்து, அந்த இடத்தில் வைத்தார். என் அரத்திலிருந்து விழுந்த தூள் அது.

"வெள்ளிக்கிழமை என்ன காரியம் ஐயா?" என்றேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

"சபையில குருமார் மூணு பேரு என்னையப் பாடச் சொல்லிக் கேக்கப் போறாங்க. காய்ச்சலுக்குப் பொறவு இந்த ஆளு தேரிக்காட்டுல நின்னு பாடிப் பிரசங்கம் பண்ணத் தாங்குவானா மாட்டானான்னு பாக்குததுக்கு. தாங்கலன்னா இங்கனயே புத்தகக் கிடங்குல உக்கார வச்சிருவாங்க. மோசமான எடமில்ல, நெழலு இருக்கு, நாற்காலி இருக்கு." குனிந்து தம் பாதங்களைப் பார்த்துக்கொண்டார். "பதினஞ்சு வருசமா அந்த மணல்ல நடந்தாச்சு, வே. அங்கன உள்ள பிள்ளைகளுக்கு எம் பாட்டு தெரியும். சுவரைப் பாத்து எப்படி உக்காருவேன்?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "ஐயா, மரம் முறுக்கல. நான் ராவிட்டேன். நீங்க மெட்டை எறக்கச் சொன்னீங்கல்லா, நான் இந்த மெட்டுன்னு நெனச்சு ராவிட்டேன்" என்று அரத்தையும் எடுத்துக் காட்டினேன்.

அவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்து நின்றார்.

"ஏலே! பாட்டுக்காரன் மெட்டுன்னு எழுதினா பாட்டு மெட்டுல்லா! சாரீரம் எறங்கிட்டு, பாட்டை எறக்கிப் பாடணும், அதுக்குத் தக்கன தடிச்ச கம்பியா மாட்டுன்னு எழுதியிருக்கேன். நீ அரத்தை எடுத்தியோ? அரத்தை எடுத்ததும் இல்லாம மரத்து மேல பழியப் போட்டியோ?"

அதுவரை 'நீரு, வே' என்று மரியாதையாகப் பேசியவர் 'ஏலே' என்றது எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டேன். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நின்றார். போய்விடுவாரோ என்று பயந்தேன். கல்யாணப் பாய் இங்கேதானே கிடக்கிறது, வராமல் எங்கே போவார் என்று ஒரு நப்பாசை.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் நான் உருப்படியாக யோசித்தேன். அதுவரை போன மெட்டை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அது இந்த வாரம் நடக்காது. வெள்ளிக்கிழமை இந்த மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். பாட ஒரு சுருதி வேண்டும், தனியாக நிற்கிறவருக்குக் கூட ஒரு துணைச் சத்தம் வேண்டும். அதற்கு மெட்டில் விரல் வைக்கவே வேண்டியதில்லையே. தம்பூராவில் மெட்டு இருக்கிறதா என்ன?

அவர் திரும்பி வந்ததும், "ஐயா, திட்டுததைப் பொறவு திட்டுங்க. இப்ப உங்க சாரீரம் எங்கன நிக்குதோ அங்கன நின்னு ஒரு அடி பாடுங்க" என்றேன்.

முறைத்துக்கொண்டே பாடினார். பாடத் தொடங்கியதும் முறைப்புப் போய்விட்டது. குரல் உயரத்தை இழந்திருந்ததே தவிர நல்ல குரல். கீழே இறங்கி, அகலமாக நின்றது. பழைய உயரத்துக்குப் போக முயன்றபோதுதான் உடைந்தது. அவருடைய ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டு, வீணைக்கு வைத்திருந்த தடித்த கம்பிகளை எடுத்து மாட்டி, ஆறையும் அவர் குரலுக்குத் தக்கபடி ச, ப, ச என்று இறக்கிச் சேர்த்தேன். சின்னக் கித்தாராயிருந்தால் அவ்வளவு இறக்கத்தில் கம்பி தொளதொளத்து ஊமையாகியிருக்கும். இந்த வயிறு பெரிய வயிறு. வெறும் கம்பியை மீட்டியதும் மேசைமேல் இருந்த ஆணிகள் அதிர்ந்தன. உபதேசியார் கித்தாரை மடியில் படுக்கப் போட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேளாவேளைக்குக் குடிக்கத் தொண்டைக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. ஒரு வாய் குடித்துவிட்டு, வைக்க இடம் தேடிக் கம்பிகளின் மேலேயே படுக்க வைத்தார். புட்டி உருண்டது. அது உருண்ட வழியெல்லாம் கம்பி ஒரு குரல் எழுப்பிக்கொண்டே போனது. தேம்புகிற பிள்ளை தாயைக் கண்டதும் குரலை இழுக்குமே, அப்படி.

இரண்டு பேரும் புட்டியைப் பார்த்தோம்.

"என்ன வே அது?" என்றார் உபதேசியார். "இழுத்துப் பாடுதே!"

தம்பிமாரே, புட்டி பாடியதைவிட எனக்கு அந்த 'வே' பெரிதாகக் கேட்டது. மன்னித்துவிட்டார் என்று தெரிந்ததும் அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க மருந்துப் புட்டியைப் பலமாகப் பாராட்டினேன்.

கோட்டுவாத்தியம் உங்களுக்குத் தெரியும். மெட்டே இல்லாத வீணை. ஒரு கட்டையைக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பது. அதே வேலையைத்தான் புட்டி செய்தது. நான் மெட்டை ராவி வைத்திருந்ததால் தட்டுத்தடங்கல் இல்லாமல் ஓடியது. மெட்டு முழுசாக இருந்திருந்தால் ஒவ்வொன்றிலும் தட்டிக் கறகறத்திருக்கும். தலைப்பக்கம் கம்பிக்கு அடியில் ஒரு மூங்கில் சீவலைச் சொருகி இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டேன். கீர்த்தனைகளில் வருகிற குழைவெல்லாம் அதில் வந்தது. மெட்டோடு இருந்த காலத்தில் அது வந்ததே இல்லை என்றார் அவர். இதை நான் செய்த சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். புட்டி உருண்டது, அவ்வளவுதான்.

இரண்டு நாளில் வித்துவானாக முடியாது. ஆகையால் வெறும் கம்பியை மீட்டிக்கொண்டே பாடுவது, அடி முடிகிற இடத்தில் மட்டும் புட்டியால் ஒரு இழுப்பு என்று வைத்துக்கொண்டோம். ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. கடைக்குள் கேட்பது வெளியில் கேட்குமா? வியாழக்கிழமை காலையில் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு தாமிரபரணிக்குப் போனோம். அவர் இக்கரையில் பாறைமேல் உட்கார்ந்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போனேன்.

அங்கே ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். முதல் மீட்டு கேட்டதும், "என்ன வே, யாரு மாட்டை ஆத்துல எறக்குதா?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பாட்டு தொடங்கியதும் அடித்த துணியை அடித்த இடத்திலேயே வைத்துவிட்டு நின்றார். அந்த இறங்கின குரல் தண்ணீரின் மேலேயே நடந்து வந்த மாதிரி வந்தது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அந்த ஆளு தெனமும் வருவாரா?" என்று கேட்டார் துவைக்கிறவர்.

"நாளைக்குத்தான் தெரியும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை என்னை உள்ளே விடவில்லை. கோயில் பள்ளிக்கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே ஒரு பூவரச மரம் உண்டு, அதன் நிழலில் நின்றேன். பரீட்சை எழுதுகிற பிள்ளையின் தகப்பனைப் போலக் கை கால் ஓடவில்லை. உபதேசியார் உள்ளே போகும்போது, "மருந்து பூராவும் ஒரே மடக்குல குடிச்சிட்டேன், வே. புட்டி காலியா இருந்தாத்தான் நல்லா வழுக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று கீர்த்தனை பாடினார். இரண்டாவதில் குரல் ஒரு இடத்தில் உடையப் பார்த்தது. அவர் பாட்டை விட்டுவிட்டு அந்த அடியைப் புட்டியாலேயே இழுத்து முடித்தார். மூன்றாவதும் முடிந்தது. நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய்விட்டேன்.

குருமாரில் மூத்தவர் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. "உபதேசியாரே, இந்தக் கீர்த்தனையை நான் எத்தனையோ வருஷமாகக் கேட்கிறேன். இப்படிக் கேட்டதில்லை. இந்த மெட்டை எங்கே பிடித்தீர்?"

"பாளையங்கோட்டையிலதான் ஐயா" என்றார் உபதேசியார். "ஒரு தம்பி ராவி எடுத்துக் குடுத்தாரு."

உள்ளே இருந்தவர்களுக்கு அது விளங்கியிராது. நான் பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் வெளியே வந்தபோது முகத்திலேயே தெரிந்தது. தேரிக்காட்டுக்குத் திரும்பிப் போகலாம், புத்தகக் கிடங்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். என் தோளில் கையை வைத்து, "மரத்து மேல பழி போட்டீரே, அதுதான் வே எனக்கு இன்னும் ஆறல" என்றார். எனக்கும் ஆறவில்லை. ராவியது தெரியாமல் செய்த தப்பு. மற்றது தெரிந்து செய்தது. தெரியாமல் செய்ததை மறந்தாலும் மறப்பேன், தெரிந்து செய்தது இத்தனை வருஷம் கழித்தும் உறுத்துகிறது.

மறுநாள் முதலாளி களக்காட்டிலிருந்து வந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, தபால் சாமான் வைக்கிற டப்பாவைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

"கார்டு தீந்துபோச்சோன்னு பாத்தேன். எட்டு கெடக்கே?" என்றார். அடுத்து வேலைச்சீட்டு அச்சடித்தபோது அந்தக் கடைசி வரியை அவர்தான் சேர்த்தார்.

கித்தாருக்குப் புது மெட்டு போட்டுத் தருவது என் பொறுப்பு என்று சென்னைக்கு எழுதினேன். மூன்று மாசம் கழித்து ஒரு பொட்டலம் வந்தது. பளபளவென்று பித்தளை மெட்டு, ஒரு கித்தாருக்குப் போதுமான அளவு. மேசையின் இடப்பக்க இழுப்பறையில் அது இன்னும் கிடக்கிறது, யாரும் அதை எடுத்து ஆணி அடிக்க வேண்டாம். அது வந்த அன்றைக்கே சந்தோஷம் தாங்காமல் உபதேசியாருக்கு ஒரு கார்டு எழுதினேன்: 'மெட்டு வந்துவிட்டது. உடனே கொண்டு வரவும்.'

நான்காம் நாள் திசையன்விளையிலிருந்து பதில் வந்தது. 'கின்னரமும் நானும் சுகம். இந்த மாசம் ஏழு ஊர். மருந்துப் புட்டி உடைந்து வேறு வாங்கியாயிற்று. மெட்டு வந்ததாக எழுதியிருக்கிறீர், சந்தோஷம். எந்த மெட்டு என்று எழுதவில்லையே, வே?'